எதிர் சீட்டில் பின்னுகிறவர்

சேசு மரி சூசை

ஜீயபுரம்,
தவக்காலம் மூன்றாம் ஞாயிறு.

அன்புள்ள இன்னாசிராஜ் அவர்களுக்கு, உங்கள் மனைவி ஜெசிந்தா எழுதுவது. ‘அவர்களுக்கு’ என்று எழுதியதற்குச் சிரிக்காதீர்கள். கடிதம் என்றால் எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. நானும் மதியும் நலம். உங்கள் நலத்துக்காகத் தினமும் மன்றாடுகிறோம்.

போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். “அப்புறம், மதி சாப்பிட்டாளா” என்பீர்கள். நானும் அந்தப் பக்கம் போய்விடுவேன். உங்களோடு வேலை பார்க்கிற பூவரசன் தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வருகிற சனிக்கிழமை அவன் போலந்துக்குத் திரும்புகிறான். ஸ்வெட்டரோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள். ரூமில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

முதலில் ஊர் விஷயம். காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது. விடிகாலையில் இன்னும் லேசாகப் பனி இருக்கிறது, ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுடுகிறது. பின்பக்கத்து மாமரம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. மதிக்குக் கணக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. நன்றாக எழுதினாயா என்று கேட்டால், “பேப்பர் நல்லா இருந்துச்சும்மா, நான்தான் நல்லா இல்ல” என்கிறாள். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது.

இனி ஸ்வெட்டர் விஷயம். நீங்கள் பனியில் நின்று எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து மதிதான் ஆரம்பித்துவைத்தாள், கான்வென்டில் படித்ததைச் சும்மா வைத்திருக்கிறாயே, அப்பாவுக்கு ஒன்று பின்னேன் என்று. பெரிய கடைவீதியில் கியாசுதீன் பாய் கடைக்குப் போனேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த ஊரு வெயில்ல யாரும்மா உல்லன் வாங்குறா? நீங்க ஒரு ஆள்தான்” என்றார். கரும்பச்சையில் கொஞ்சம் பழைய இருப்பு இருந்தது. அந்த நிறத்தை விற்று எத்தனையோ வருஷம் ஆயிற்று என்றார். அதை மொத்தமாக வாங்கிக்கொண்டேன். இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

வீட்டில் பின்ன நேரம் கிடைப்பதில்லை. காலைப் பாசஞ்சரில்தான் பின்னுகிறேன். ஜீயபுரத்தில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கித் தில்லை நகர் லேபுக்கு நடக்கும்வரை அதுதான் வேலை. ஜவுளிக்கடைக்குப் போகிற அனுசுயாவை உங்களுக்குத் தெரியும். அவள் ஒரு நாளும் சும்மா இருக்க மாட்டாள். “போற இடத்துல ஊரு ரத்தத்தை எல்லாம் உறிஞ்சுற ஊசி பத்தாதுன்னு இங்கயும் ரெண்டு ஊசியா” என்பாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த முறையில், உடம்பைக் கீழிருந்து மேலாகப் பின்னிக்கொண்டு போய், தோள் பக்கம் வந்ததும் இரண்டு கைக்கும் வாசல் விட வேண்டும். பிறகு அந்த வாசலில் கண்ணிகளை எடுத்துக் கையைப் பின்ன வேண்டும். முன்பக்கம் நடுவில் சடை போல முறுக்கி ஒரு பின்னல் வைத்திருக்கிறேன். உங்கள் பழைய சட்டைதான் அளவு.

ஸ்வெட்டரின் உடம்பு ஒரு சாண் வளர்ந்திருந்தபோது, எதிர் சீட்டில் ஒரு பெண்மணியைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். குள்ளம். உட்கார்ந்தால் கால் தரையில் படாது. ஜீயபுரத்தில் நாங்கள் ஏறும்போதே ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு மஞ்சள் பை, அதிலிருந்து நூல் வரும். அவரும் பின்னிக்கொண்டிருந்தார். கரும்பச்சை. நடுவில் சடை. என்னுடையதைவிட ஒரு சாண் கூடுதலாக வளர்ந்திருந்தது.

அனுசுயா என் விலாவில் இடித்து, “போட்டிக்கு ஆள் வந்தாச்சுடி” என்றாள். அவளும் பார்த்தாள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தம்மா பின்னலைக் குனிந்து பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்ப்பார். நான் நிமிர்ந்தால் லேசாகச் சிரிப்பார். அவருடைய சடையில் ஒரு தப்பு இருந்தது. எல்லா முறுக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கவனிக்காமல் விட்டுவிட்டார் பாவம் என்று நினைத்தேன். ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு அடுத்தவள் தப்பு பளிச்சென்று தெரியும்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டீர்கள். உங்களைக் கிரைண்டிங்கிலிருந்து தகடு வெட்டுகிற பிரஸ் மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தித்தான் மிஷினை இறக்குகிறார்கள், அதனால் வேலை ஆமை மாதிரி நகர்கிறது என்று சிரித்தீர்கள். அரியமங்கலம் பட்டறையில் பழகிய வித்தையைக் காட்டிவிட்டேன் என்றீர்கள். ஒரு பட்டனில் சின்னக் கட்டையை வைத்து இறுக்கிவிட்டால் அது அழுந்தியே இருக்கும், வலது கையால் மற்றதைத் தட்டினால் போதும், இடது கை சும்மா இருக்குமே, அந்தக் கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம் என்றீர்கள். சூப்பர்வைசர் தட்டிக்கொடுத்தார் என்றீர்கள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பின்னியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ரயிலில் விரித்துப் பார்த்தால், என் சடையில் ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கீழிருந்து எண்ணினேன். எதிரே இருந்ததையும் எண்ணினேன். அதே இடம்.

பிரித்திருக்கலாம். சோம்பலால் விட்டுவிட்டேன் என்று அனுசுயாவிடம் சொன்னேன். உண்மையில் எதிரே அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரிக்கக் கை வரவில்லை.

அடுத்தது நூல். அவருடைய ஸ்வெட்டரில் மார்புக்கு மேலே ஒரு பட்டை வெளிறியிருந்தது, வேறு கட்டு நூலை ஒட்டியது போல. என் நூல் எல்லாம் ஒரே இருப்பு, எனக்கு அப்படி வராது என்று நினைத்துக்கொண்டேன். மார்புக்கு மேலே வந்தபோது நூல் போதாது என்று தெரிந்தது. மறுபடி பாய் கடைக்குப் போனேன். அவர் உள்ளே போய்த் தேடி ஒரு கட்டைக் கொண்டுவந்தார். ஜன்னலோரம் கிடந்து வெயில் பட்டு வெளிறியிருந்தது. “இதோட சரிம்மா, இனி தேடினாலும் கிடையாது” என்றார். வேறு நிறம் வாங்கலாமா என்று வெகுநேரம் நின்று யோசித்தேன். கடைசியில் அதையே வாங்கினேன். போட்டுக்கொண்டால் அவ்வளவாகத் தெரியாது.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு ரயில் ஏறினேன். அந்தம்மா ஸ்வெட்டரைத் தூக்கித் தன் மார்போடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மணிக்கட்டுவரை முடிந்திருந்தது. இடது பக்கம் கையே இல்லை. கையை இன்னும் பின்னவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாசலே இல்லை. கண்ணிகளை எல்லாம் இழுத்து மூடி, விலாவிலிருந்து தோள்வரை ஒரே சுவராக, அப்படி ஒரு வாசல் இருந்ததாகவே தெரியாதபடி நேர்த்தியாக முடித்திருந்தார்.

அன்று லேபில் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, டவர் கிடைக்கவில்லை என்றீர்கள்.

அதற்கடுத்த நாள் லேபுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு, கோட்டை ஸ்டேஷனில் அந்தம்மா இறங்கியதும் பின்னாலேயே போனேன். மெயின்கார்டு கேட் வரை நடந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார். நானும் ஏறினேன். பாலம் தாண்டி அம்மா மண்டபத்தில் இறங்கினார். அன்று கூட்டம் அதிகம். படித்துறையில் காரியம் செய்கிறவர்கள், தலைமுழுகி எழுகிறவர்கள். காரியம் முடித்தவர்கள் கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்களே, அந்த ஈரத்துணிக் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். அவர் வேலையே அந்தத் துணிகளை எடுத்து மூட்டை கட்டுவதுதானாம். பெயர் சந்திரம்மாள் என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

நான் தயங்காமல் கேட்டுவிட்டேன், எனக்கு முன்னாலேயே என்னுடையதை எப்படிப் பின்னுகிறீர்கள் என்று. அந்தம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நானா முன்னால போறேன்? நீங்கதானேம்மா முன்னால போறீங்க! உங்களப் பாத்துப் பாத்துத்தானே நான் பின்றேன்” என்றார். இடது கை வாசலை நான் மூடவில்லையே, அதுவரை நான் இன்னும் வரவே இல்லையே என்றேன். “மூடிட்டீங்களேம்மா. ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டு நூலப் பல்லால கடிச்சு அறுத்தீங்க. அழுதுக்கிட்டே அறுத்தீங்க. எதிர்லதான உக்காந்திருந்தேன்” என்றார். நூலைப் பல்லால் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் உங்களுக்குத் தெரியும். ரயிலில் ஒரு நாளும் செய்ததில்லை.

இது யாருக்கு என்று கேட்டேன். “அளவு உங்களது. யாருக்குன்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, “பேரு என்னம்மா?” என்றார். ரொம்ப அன்பாகத்தான் கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

அன்றோடு அவர் ரயிலில் வருவதில்லை. அந்த ஜன்னலோரத்தில் இப்போது வாழை இலைக் கட்டு வைக்கிறார்கள். “முடிச்சிருப்பாடி, அதான் வரல” என்கிறாள் அனுசுயா.

நான் ஒரு தீர்மானம் செய்தேன். உடம்பை முடித்து, இரண்டு வாசலும் விட்டு, முதலில் இடது கையைத்தான் பின்ன வேண்டும். நூல் போதாமல் போனால் வலது கை குறையட்டும், வேறு நிறம் போட்டுக்கொள்ளலாம். இன்றுதான் மணிக்கட்டுப் பட்டையை முடித்தேன். ஒரு முழம் நூல்கூட மிச்சமில்லை. வேறு நிறத்தில் வலது கையைப் பின்னச் சனிக்கிழமைக்குள் முடியாது, அது பிறகு ஆகட்டும். ஆனால் இடது கை இருக்கிறது. இதை எழுதும்போது மடியில்தான் கிடக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டையை எடுத்துவிடுங்கள். ஆமை மாதிரி நகர்ந்தால் நகரட்டும். இரண்டு கையையும் பட்டனில் வையுங்கள். சூப்பர்வைசர் தட்டிக்கொடுக்காவிட்டால் போகிறது. இதெல்லாம் என் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பைத்தியக்காரிக்காகச் செய்யுங்கள். இன்னொன்று. சாம்பல் புதனுக்குப் பிறகு நீங்கள் எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை. எல்லாம் குரலில்தான் வருகிறது. வீடியோவில் முகத்தை மட்டும் அவ்வளவு கிட்டே வைத்துக் காட்டுகிறீர்கள். கேமரா கெட்டுவிட்டது என்றீர்கள். பூவரசனிடம் சொன்னால் அங்கே எங்கேயாவது காட்டிச் சரிசெய்து கொடுப்பான்.

வெள்ளிக்கிழமை.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்றுச் சாயங்காலம் பூவரசன் வந்தான். பெட்டி கட்ட வேண்டும் என்று எதையும் சாப்பிடாமலே எழுந்திருக்கப் பார்த்தான். அவனுக்கும் உங்களுக்கும் ஒரே உடம்பு என்பதால், அளவு பார்க்க ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். வேண்டாம் அண்ணி என்றான். மதி விடவில்லை, தலை வழியாக மாட்டிவிட்டுவிட்டாள்.

அவனுடைய வலது கை ஸ்வெட்டரின் கைக்குள் போயிற்று. இடது கை வெறும் வாசல் வழியாக வெளியே வந்தது.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சடை மேலே தெரியும்படி மடியில் விரித்து வைத்து, என் இடது பக்கம் எதுவோ அதைப் பின்னியிருக்கிறேன். அது எனக்குத்தான் இடது. போட்டுக்கொள்கிறவருக்கு வலது. கான்வென்டில் முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. சிஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார்.

இந்த ஒரு கை ஸ்வெட்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். மதி கேட்டாள். அனுசுயா கேட்டாள். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள். லேபில் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிய பெரியவர்கூட, “இன்னொரு கை எங்கம்மா?” என்றுதான் கேட்டார்.

பூவரசன் கேட்கவில்லை. குனிந்து தன் இடது தோளைப் பார்த்தான். வெறும் வாசலின் ஓரத்தை விரலால் ஒரு முறை தொட்டான். பிறகு தலை வழியாக மெதுவாகக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு, “சரியா இருக்கும் அண்ணி” என்றான். மதி, “என்ன சித்தப்பா, ஒரு கைதான இருக்கு” என்று சிரித்தாள். அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டான்.

நான் பின்னாலேயே போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கண் அப்படித்தான் இருந்தது. கேட்கவில்லை. அவன் வாயால் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பாவம் அவனுக்கு ஏன்?

அந்த வாசலில் கண்ணிகளைக் கழன்றுவிடாமல் ஒரு வெள்ளை நூலில் கோத்து வைத்திருந்தேன். ராத்திரி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மூடலாமா, அப்படியே விடலாமா என்று. மூடவில்லை. வெள்ளை நூலோடுதான் அனுப்புகிறேன். அதை நான் என் கையால் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சொல்கிறவரை எனக்கு எதுவும் தெரியாது.

ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். குரலில் வேண்டாம். குரலில் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். கேமராவைத் தள்ளி வைத்து நில்லுங்கள். நான் மாடிக்குப் போய்த் தனியாக இருந்து பார்க்கிறேன். மதிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள். அவள் நாம் நினைப்பது போலக் குழந்தை இல்லை. அரியமங்கலத்தில் உங்களைத் தெரிந்தவர்கள் என்ன நினைப்பார்கள், அந்த வித்தையைக் காட்டப் போய் இப்படியா என்று பேசுவார்களா என்றெல்லாம் அங்கே தனியாகப் படுத்து யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பேசட்டும். நான் இருக்கிறேன்.

வேலை, விசா, ஒப்பந்தம் எதுவும் இனிமேல் முக்கியம் இல்லை. ஊருக்கு வந்துவிடுங்கள். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வந்துவிடுங்கள்.

பூண்டி மாதா உங்களோடு கூடவே நடந்து வரட்டும். ஏர்போர்ட்டுக்கு யாரையும் அழைத்துவர மாட்டேன், நான் மட்டும் வருகிறேன். கதவைத் தாண்டி வந்ததும் அங்கேயே நில்லுங்கள். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

உங்கள்
ஜெசிந்தா